லைவ் டைமிங் தளத்தின் புது வடிவம்: அந்த அட்டவணையைத் திருப்பிக் கொடுங்கள்

ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த வண்டி எந்த இடத்தில், முன்னால் போகிறவருக்கு எத்தனை விநாடி பின்னால் வருகிறது என்று எண்களாகக் காட்டும் ஒரு தளத்துக்குப் பல வருடமாகச் சந்தா கட்டி வருகிறேன். ஃபார்முலா ஒன் கார் ரேஸ், மோட்டோ ஜிபி பைக் ரேஸ், இருபத்து நாலு மணி நேர கார் ரேஸ்கள், நம் நாட்டுப் பந்தய முடிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பெயர் எழுதவில்லை, பயன்படுத்துகிறவர்களுக்கு நாலு வரி படித்தாலே புரிந்துவிடும். இந்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் தளத்தை அடியோடு மாற்றிவிட்டார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. பழைய வடிவம் என்றால் யோசிக்காமல் நாலரை போட்டிருப்பேன்.

ஏன் இவ்வளவு வருத்தம் என்று சொன்னால்தான் மற்றது புரியும். நான் இருப்பது மன்னார்குடி. டெல்டா முழுக்கத் தேடினாலும் ஒரு ரேஸ் டிராக் கிடையாது. நேரில் பார்க்க வேண்டுமானால் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஆனால் ரேஸ் பைத்தியத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. ஆர்எக்ஸ் 100 வண்டியை 1996லேயே நிறுத்திவிட்டார்கள், இன்றைக்கும் அதன் இன்ஜினைப் பிரித்து மேய்கிற ஆட்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சோழவரத்தில் பழைய ராணுவ விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தில் லாரி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் இன்னும் அதைக் கதை கதையாகச் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததே 1990இல்தான், அதற்கு முந்தைய தலைமுறைக்கு ரேஸ் என்றால் சோழவரம்.

வீடியோவில் பார்க்கலாமே என்று கேட்கலாம். அதற்குத் தனிச் சந்தா, தனி டேட்டா, அதைவிட முக்கியமாக நல்ல சிக்னல் வேண்டும். ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் சூடு பிடிப்பது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. அதே நாட்கள்தான் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. அடைமழை பெய்யும், கரண்ட் போகும், டவர் பேட்டரி இறங்கிவிடும், போனில் ஒற்றைக் கோடு நிற்கும். அந்த ஒற்றைக் கோட்டிலும் பழைய தளம் ஓடியது. வெறும் எழுத்தும் எண்ணும் தானே, ஓடாமல் என்ன செய்யும்.

2025 டிசம்பர் 7ஆம் தேதி, ஃபார்முலா ஒன் சீசனின் கடைசி ரேஸான அபுதாபி ரேஸை அப்படித்தான் பின்தொடர்ந்தோம். வெர்ஸ்டாப்பன் முதலிடத்தில் ஓடுகிறார், அவர் ஜெயித்தால் வருட மொத்தம் 421 புள்ளி. நோரிஸ் மூன்றாவதாக வந்தால் 423, நான்காவதாக இறங்கினால் 420. அதாவது அந்த மாலை முழுக்க உலக சாம்பியன் யார் என்பது மூன்றாவதாக ஓடிய நோரிஸுக்கும் நான்காவதாக வந்த லெக்லேருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இருந்தது. முன்னால் ஜெயிப்பவரைக் காட்டுகிற படம் எதற்கும் உதவாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கட்டத்தை, நாலாவது வரியில் 'இடைவெளி' என்ற பத்தியில் இருந்த எண்ணை. அது கூடினால் மூச்சு வரும், குறைந்தால் நின்றுவிடும். கடைசியில் நோரிஸ் மூன்றாவதாக வந்து இரண்டே புள்ளியில் சாம்பியன் ஆனார். கடைசி லேப் (டிராக்கை ஒரு முறை முழுதாகச் சுற்றுவது) வரை அந்தத் தளம் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை.

இப்போது புது வடிவத்துக்கு வருகிறேன். திறந்ததும் திரை முழுக்க ஒரு படம், அல்லது தானாக ஓடும் ஒரு வீடியோ. அதைத் தாண்டிக் கீழே போனால் 'லைவ்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் திரும்பவும் கடவுச்சொல் கேட்கும். உள்ளே போனால் அட்டவணையைக் காணோம். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் ஓட்டுநரின் முகம், அணியின் சின்னம், பெரிய எழுத்தில் பெயர், ஓரத்தில் பொடி எழுத்தில் நேரம். ஒரு திரைக்கு நாலு அட்டைதான் அடங்குகிறது. இந்த வருடம் ஃபார்முலா ஒன்னில் 11 அணி, 22 கார். முதலில் ஓடுகிறவரிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் பார்க்க வேண்டுமானால் விரலால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளி முடிப்பதற்குள் மேலே இடம் மாறியிருக்கும். பழைய பக்கத்தில் எல்லா வரியும் ஒரே திரையில் நிற்கும். கண் மட்டும் மேலும் கீழும் போனால் போதும்.

எங்கள் தெருமுனையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் இதில் ரொம்பவே அடிபட்டவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டறையில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலைந்து பேர் கூடிவிடுவோம். ஸ்பேனர் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குக் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருப்பார், நடுவில் ஒரு பார்வை, "ஆஹா, பின்னால வர்றவன் ஒவ்வொரு லேப்புக்கும் மூணு மூணா அள்றாம்பா" என்பார். கை முழுக்க ஆயில் இருக்கும், போனைத் தொடவே வேண்டியிராது. புது வடிவம் வந்த பிறகு முதல் ரேஸ் அன்றைக்கு முழங்கையால் திரையைத் தள்ளிப் பார்த்தார், அட்டை ஏதோ ஒன்று திறந்து ஓட்டுநரின் வாழ்க்கை வரலாறு வந்தது. "தம்பி, யாரு எங்க இருக்கான்னே தெரியலையே, இதுக்குத்தான் காசு கட்டுனியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கையில் வேலை இருக்கிறவர், வயலில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பவர், கடையில் கல்லாவில் இருப்பவர், இப்படித்தான் பாதிப்பேர் ரேஸ் பார்க்கிறார்கள். தொடாமல் பார்க்க முடிவது ஒரு பெரிய வசதி என்பது இதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து நிறம். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு லேப்பையும் மூன்று செக்டராகப் பிரிப்பார்கள். காரில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி ஒவ்வொரு எல்லையைக் கடக்கும்போதும் நேரம் பதிவாகும். அந்த செக்டரில் அதுவரை யாரும் போகாத வேகம் என்றால் ஊதா, அவருடைய சொந்த வேகத்தில் சிறந்தது என்றால் பச்சை, இரண்டும் இல்லை என்றால் மஞ்சள். உலகம் முழுக்க ரேஸ் பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் பழகிப்போன நிறங்கள். ஒருவர் முதலில் பிட்டுக்குள் போய்ப் புது டயர் மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அடுத்தடுத்து இரண்டு ஊதா விழுந்தால், முன்னால் இருப்பவர் அடுத்த லேப்பில் பிட்டுக்குப் போய் வரும்போது இவருக்குப் பின்னால்தான் வருவார் என்று கணக்குப் போட்டுவிடலாம். வர்ணனையாளர் சொல்வதற்கு முன்னாலேயே எங்கள் பட்டறையில் சத்தம் கிளம்பிவிடும். லைவ் டைமிங் பார்ப்பதில் இருக்கும் ருசியே அதுதான். புது வடிவத்தில் செக்டரே இல்லை. தளத்தின் சின்னத்துக்குப் பொருத்தமாக எல்லா எண்களும் ஒரே ஆரஞ்சு நிறம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது குறைதான் என்னைக் கோபப்படுத்தியது. இடைவெளியை ஒரே ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். 1.4, 0.8 என்று வரும், அதற்கு மேல் கிடையாது. ரேஸை நேசிக்கிற யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். 1997இல் ஸ்பெயினின் ஹெரேஸ் டிராக்கில், யார் எந்த இடத்திலிருந்து ரேஸைத் தொடங்குவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று நடந்தது. வில்னவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் மூன்று பேரும் ஓட்டியது 1 நிமிடம் 21.072 விநாடி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை, யார் முதலில் அந்த நேரத்தை எடுத்தாரோ அவருக்கு முதலிடம் என்று தீர்மானித்தார்கள். அதற்கும் முன்னால், 1971இல் இத்தாலியின் மொன்சாவில் பீட்டர் கெத்தின் ஜெயித்தது 0.01 விநாடியில். முதல் ஐந்து பேரும் 0.61 விநாடிக்குள் கோட்டைத் தாண்டினார்கள். இந்தப் புதுத் தளத்தில் அந்த ரேஸ் ஓடியிருந்தால் இரண்டாவது வந்தவருக்கு நேராக 0.0 என்று காட்டியிருக்கும். மோட்டோ 3 மாதிரி சின்ன பைக் ரேஸ்களில் கோடு தாண்டும்போது பத்துப் பேர் ஒரே கூட்டமாக வருவது சர்வ சாதாரணம். அங்கே ஒரு தசம இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் பிரிவுகள். அஜித் குமார் ரேஸுக்குத் திரும்பிய பிறகு டெல்டாவில் எத்தனை பேர் புதிதாக ரேஸ் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது கண்கூடு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது, அதுவரை கியர் பாக்ஸைப் பற்றிக் கவலைப்படாத பையன்கள் எல்லாம் பிட் ஸ்டாப் கணக்கு பேசினார்கள். இந்த மாதிரி ரேஸில் வேகமான கார், அதைவிடக் குறைந்த கார் என்று பல பிரிவுகள் ஒரே நேரத்தில் ஒரே டிராக்கில் ஓடும். ஒட்டுமொத்த வரிசையில் பார்த்தால் ஒரு அணி எங்கோ கீழே கிடக்கும், தன் பிரிவில் அதுவே மேடை ஏறுகிற இடத்தில் இருக்கும். பழைய பக்கத்தில் பிரிவின் பெயரை ஒரு தட்டு தட்டினால் அந்தப் பிரிவு மட்டும் தனியாக வரும். புதுசில் அது இல்லை. புதிதாக வந்த பையன் ஒருவன் எப்படிக் கற்றுக்கொள்வான்? அவன் பார்ப்பது தனக்குப் பிடித்தவர் கடைசியில் கிடக்கிறார் என்பதைத்தான். பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவான். ரசிகர் கூட்டம் வாசல் தேடி வரும் நேரத்தில் இப்படிச் செய்கிறார்களே என்றுதான் ஆதங்கம்.

பழைய முடிவுகளின் தொகுப்பையும் சொல்லாமல் விட முடியாது. புது வடிவத்தில் எந்த வருடத்து ரேஸைத் திறந்தாலும் மேடை ஏறிய மூன்று பேரின் படம் மட்டும் வருகிறது. 'முழு விவரம்' என்று ஒரு இணைப்பு இருக்கிறது, அழுத்தினால் பக்கம் இல்லை என்கிறது. 2005ஆம் வருடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ரேஸைத் திறந்து பாருங்கள். மிஷலின் டயர் அந்த டிராக்கின் வளைவைத் தாங்காது என்று அந்த டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, ஆறே ஆறு கார்தான் ஓடிய ரேஸ் அது. ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மான்டெய்ரோ என்று மூன்று பேர் படம் வரும். அதோடு முடிந்தது. அன்றைக்கு ஜோர்டான் அணியின் காரில் நான்காவதாக வந்தது யார்? கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், புள்ளி எடுத்த முதல் இந்தியர், அந்த ஐந்து புள்ளி எடுத்தது அந்த ரேஸில்தான். நம்ம பக்கத்து எல்கைப் பந்தயத்தில்கூட நாலாவதாக வந்த மாட்டுவண்டிக்காரர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லித் துண்டு போர்த்தித்தான் அனுப்புவார்கள். நம் நாட்டு ஆட்கள் நடத்துகிற ஒரு தளத்தில் நரேன் பெயர் தேடினாலும் அகப்படவில்லை என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது? நரேனும் கருண் சந்தோக்கும் ஆக இரண்டே பேர்தான் இதுவரை நம் நாட்டிலிருந்து ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டியிருக்கிறார்கள், இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் ஓட்டிய ஒவ்வொரு லேப்பும் பத்திரமாக இருக்க வேண்டிய இடம் இது.

இருங்காட்டுக்கோட்டை முடிவுகளும் போய்விட்டன. தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள், காரும் பைக்கும், முன்பு தனிப் பத்தியில் வருடவாரியாக இருக்கும். 3.717 கிலோமீட்டர் டிராக், 12 வளைவு, அங்கே எந்தப் பிரிவு வண்டி என்ன நேரம் எடுத்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஒரு தனிப் பொழுதுபோக்கு. ஏனென்றால் அந்த டிராக்கின் ஓரத்தில் நின்றிருக்கிறோம், அந்த வளைவு கண்ணுக்குத் தெரியும். புதுத் தளத்தில் 'இந்தியா' என்ற பத்தியே எடுக்கப்பட்டுவிட்டது. சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தெரு ரேஸ் நடந்ததே, அந்த முடிவுகூடக் கிடைக்கவில்லை.

நேர அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாக. ரேஸ் நடக்கும் ஊரின் நேரத்தைத்தான் காட்டுகிறது. அமைப்பில் போய் இந்திய நேரம் என்று மாற்றினாலும் அடுத்த முறை திறக்கும்போது பழையபடி ஆகிவிடுகிறது. ஐரோப்பாவில் கோடையில் மாலை 3 மணி என்றால் நமக்கு 6.30, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் என்றால் 7.30, இவ்வளவு தூரம் மனக்கணக்கில் போட்டுவிடலாம். லாஸ் வேகாஸ் மாதிரி ரேஸுக்குத்தான் சிக்கல். அங்கே சனிக்கிழமை ராத்திரி, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அட்டவணையில் சனி என்றே போட்டிருந்தால் தெரியாதவர்கள் சனி ராத்திரி கண் விழித்து ஏமாந்துபோவார்கள்.

நல்லதே இல்லையா என்றால் இருக்கிறது. யார் எந்த டயரில் எத்தனை லேப் ஓடினார் என்று ஒரு பட்டை வரைந்து காட்டுகிறார்கள், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று டயரின் உண்மையான நிறத்திலேயே. அது பிரமாதம், பழைய தளத்தில் இல்லாதது. இரண்டு பேருடைய தகுதிச் சுற்று லேப்பை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து எந்த வளைவில் யார் நேரம் இழந்தார் என்று பார்க்கும் வசதியும் வந்திருக்கிறது. ரேஸ் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போனுக்குத் தகவல் வருவதும் சரியாக வேலை செய்கிறது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த இரண்டு மதிப்பெண்.

எழுதிக் கேட்டேன். முதலில் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானாக வரும் பதில். விடாமல் மறுபடி எழுதியதும் ஒருவர் மரியாதையாகவே பதில் போட்டார், புதிதாக வருகிறவர்களுக்கு எண்கள் மிரட்சியாக இருக்கின்றன, அதனால்தான் படங்களைப் பெரிதாக்கினோம் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் பட்டறைக்கு வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊதா, பச்சை, மஞ்சள் மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டான். யாரும் அவனை மிரட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். எண் இருந்தால்தானே சொல்லிக் கொடுப்பதற்கு.

புகார்கள் நிறையப் போயிருக்கும் போல, சமீபத்தில் ஒரு மாற்றம் வந்தது. போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் இப்போது மூன்று தசம இடமும் தெரிகிறது, அட்டைகளும் கொஞ்சம் ஒடுங்கி ஒரு திரைக்குப் பத்து வரி வருகிறது. நல்ல ஆரம்பம். அதே இடத்தில் செக்டர் நிறங்களையும் பிரிவு வாரியாகப் பார்க்கும் வசதியையும் சேர்த்து, சிக்னல் குறைந்த இடங்களுக்காகப் படம் இல்லாத ஒரு பக்கத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டால் மதிப்பெண்ணை மாற்றி எழுத நான் தயார். பழைய முடிவுகளை அவர்கள் அழித்திருக்க மாட்டார்கள், எங்கோ இருக்கும், இணைப்பைச் சரி செய்தால் போதும்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: இப்போதைக்கு வருடச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா போட்டுப் பாருங்கள். டயர் பட்டைக்காகவும் லேப் ஒப்பீட்டுக்காகவும் மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ரேஸ் முடிந்த பிறகு செக்டர் நேரம், லேப் நேரம் எல்லாம் முழுதாக வேண்டும் என்கிறவர்கள் காசு கட்டவே தேவையில்லை. ஃபார்முலா ஒன்னுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தளத்திலும் மோட்டோ ஜிபிக்கு அவர்களுடைய சொந்தத் தளத்தில் முடிவுகள் பகுதியிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிஎஃப் போட்டுவிடுகிறார்கள். மூன்று தசம இடத்தோடு, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் இருக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் கரண்ட் இல்லாத ராத்திரியிலும் படிக்கலாம்.